தோட்டத்து அனுபவமும் தகுதிதான்: விசாரணை, திட்ட நிர்வாக வேலையை எழுத்தில் நிறுவ ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஏதாவது ஒரு தோட்டத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவரிடம், "உங்களுக்கு என்ன அனுபவம் இருக்குண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். "மண்டோரா (வேலையாட்களின் மேற்பார்வையாளரா) இருந்தேம்பா" என்பார். இல்லாவிட்டால் "ஆபீஸ் கிராணி (எழுத்தர்)" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். காணாமல் போன உர மூட்டைகளைத் தேடிப் பிடித்தது, நிறுவைச் சீட்டில் நடந்த தில்லுமுல்லை எடுத்துக் காட்டியது, மழைக்கு முன்னால் மறுநடவை முடித்துக் கொடுத்தது எல்லாம் அந்த ஒரு வரிக்குள் புதைந்து கிடக்கும். இதே வேலைகளை ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் செய்கிறவர்கள் புலனாய்வு அதிகாரி, திட்ட மேலாளர் என்ற பதவியில் இருக்கிறார்கள்.

நான் தோட்ட அலுவலகத்தில் கிராணியாகத் தொடங்கி, பிறகு கணக்குத் தணிக்கை, உள்விசாரணை, மறுநடவு என்று பல வேலைகளில் இருந்தவன். தோட்டம் விற்றுப் போய், அல்லது பிரிவு மூடப்பட்டு, பட்டணத்துக்கு வந்து வேலை தேடும் நம் ஆட்கள் தங்கள் அனுபவத்தை ஒரு பக்கம்கூட எழுத முடியாமல் திணறுவதைப் பார்க்கும்போது மனசு பொறுக்கவில்லை. செய்த வேலையை எப்படி எழுதுவது, எதைச் சான்றாக வைப்பது, எந்தச் சான்றிதழுக்கு எடுத்துக்கொண்டு போவது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

இந்த அனுபவத்துக்கு இப்போது கிராக்கி இருக்கிறது. மலேசியச் செம்பனைத் தோட்டங்களுக்கு எம்எஸ்பிஓ எனப்படும் நிலைத்தன்மைச் சான்றிதழ் 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம். அதற்கு உள்தணிக்கை வேண்டும். தொழிலாளர் புகாரை வாங்கி விசாரித்துப் பதில் சொல்லும் முறையும் வேண்டும். அதே 2020-இல் ஜூன் 1 அன்று ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. நிறுவனத்தோடு தொடர்புடைய ஒருவர் நிறுவனத்தின் ஆதாயத்துக்காக லஞ்சம் கொடுத்தால், நிறுவனமே குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியிருக்கும். தடுப்பதற்குப் போதுமான ஏற்பாடுகளைச் செய்திருந்தோம் என்று காட்டினால்தான் தப்பிக்கலாம். ஆகவே உள்ளுக்குள் நடப்பதை முறையாக விசாரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் பட்டதாரியாக மட்டும்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

படி 1: நினைவில் இருப்பதை எல்லாம் கொட்டுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வருஷ வாரியாக நினைவு வராது. அதனால் துரைமார் (தோட்ட நிர்வாகிகள்) பெயரை வைத்து யோசியுங்கள். எந்தத் துரை காலத்தில் என்ன நடந்தது, எந்தப் பிரிவில் மறுநடவு, எந்த வருஷம் வெள்ளம், எப்போது லயத்து வீடுகளை இடித்துப் புது வீடு கட்டினார்கள் என்று பிடித்துக்கொண்டே போனால் வருஷம் தானாக வந்து நிற்கும். கூட வேலை செய்தவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். வீட்டில் மனைவியிடமும் கேளுங்கள். நாம் மறந்த ராத்திரிகளை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கட்டத்தில் எதையும் சின்னது என்று தள்ள வேண்டாம். பெரட்டுக்களத்தில் (காலையில் ஆட்கள் கூடிப் பேர் கொடுக்கும் இடத்தில்) நடந்த சண்டையை விசாரித்து இரண்டு தரப்பிடமும் எழுதி வாங்கியதும் விசாரணைதான். ஆயக்கொட்டகைக்கு (குழந்தைக் காப்பகத்துக்கு) கூரை மாற்றியதும் ஒரு திட்டம்தான்.

படி 2: விசாரணை எது, திட்டம் எது, அன்றாட வேலை எது

பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு கேள்வி இருந்தது, அதற்கு விடை தெரியவில்லை, நீங்கள் சான்று தேடி ஒரு முடிவுக்கு வந்தீர்கள் என்றால் அது விசாரணை. தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு வேலை, அதற்கென்று ஒரு பட்ஜெட், முடிந்தபோது கையில் ஒரு பொருள் அல்லது மாற்றம் இருந்தது என்றால் அது திட்டம். தினமும் பெரட்டு எடுப்பது, செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவேடு) எழுதுவது, செம்பனைக் குலை வெட்டும் சுற்றை நடத்துவது ஆகியவை அன்றாட வேலை. அவை மதிப்புள்ளவை, ஆனால் திட்டம் என்று எழுதிக் கொடுத்தால் மதிப்பீட்டாளர் தள்ளிவிடுவார். இந்த இடத்தில் கறாராக இருங்கள்.

படி 3: விசாரணை அனுபவத்தை எழுதுவது

இதில்தான் நம் ஆட்கள் அதிகம் இழக்கிறார்கள். "உரத் திருட்டைக் கண்டுபிடித்தேன்" என்று எழுதினால் படிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. யாரோ காட்டிக் கொடுத்திருக்கலாம்; தற்செயலாகக் கண்ணில் பட்டிருக்கலாம். உங்கள் மூளை எங்கே வேலை செய்தது என்று காட்ட வேண்டும்.

மாதிரிக்கு உரத்தையே எடுத்துக்கொள்வோம். 30 எக்டர் பரப்பு, எக்டருக்கு 142 மரம், மரத்துக்கு 2 கிலோ. மொத்தம் 8,520 கிலோ. 50 கிலோ மூட்டை என்றால் 171 மூட்டை ஸ்டோரிலிருந்து வெளியே போக வேண்டும். வேலை முடிந்ததும் 171 வெறும் சாக்கு திரும்பி வர வேண்டும். புது ஆள் சாக்கை எண்ணுவார், 171 இருக்கும், கையெழுத்துப் போட்டுவிடுவார். அனுபவப்பட்டவர் சாக்கு எண்ணிக்கையோடு நிற்க மாட்டார். மூட்டையை வேறு இடத்தில் கொட்டிவிட்டுச் சாக்கை மட்டும் கொண்டுவர முடியும் என்று அவருக்குத் தெரியும். ரோட்டோர மரங்களை விட்டுவிட்டு நிரையின் நடுப்பகுதிக்கு நடந்து போவார். மேற்பார்வையாளர் எட்டிப் பார்க்கும் இடத்தில் உரம் சரியாகத்தான் கிடக்கும். உள்ளே, கால்வாயைத் தாண்டிய மரங்களின் வட்டத்தில் கிடக்கிறதா என்பதுதான் கேள்வி. அங்கே இல்லை, அல்லது ஒரே இடத்தில் குவியலாகக் கிடக்கிறது என்றால், அன்றைக்கு உரம் போட்ட ஆட்கள் எத்தனை பேர், ஒருவர் எத்தனை மூட்டை போட்டதாகச் செக்ரோலில் இருக்கிறது, அது ஒரு மனிதர் தூக்கக்கூடிய அளவா என்று பார்ப்பார்.

இப்படி எழுதினால் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். கணக்கு, களம், ஆவணம் மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிடத் தெரிந்த ஆள் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

நிறுவை இன்னொரு நல்ல இடம். குலை லோரி நிறையோடு ஒரு தடவை ஏறும், இறக்கிவிட்டு வெறுமனே ஒரு தடவை ஏறும். வித்தியாசம்தான் குலையின் எடை. ஒரு லோரியின் வெற்று எடை எல்லாச் சீட்டிலும் ஒரே எண்ணாக இருந்தால் பழகிய கிராணிக்கு உடனே உறுத்தும். டீசல் கூடும் குறையும். மழைக்காலத்தில் டயரிலும் தட்டிலும் சேறு ஏறும். உதவியாள் சில நாள் கூட ஏறியிருப்பார். உண்மையில் நிறுத்தால் எண் கொஞ்சம் மாறிக்கொண்டே இருக்கும். மாறவே இல்லையென்றால் வெறும் லோரியை யாரும் நிறுக்கவில்லை, பழைய எண்ணைத் தட்டிவிட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

அதே மாதிரி குலைக் கணக்கு. ஒரு பிளாக்கில் 640 குலை, 9.6 டன் என்றால் குலைக்கு சராசரி 15 கிலோ. அடுத்த சுற்றில் அதே பிளாக்கில் அதே 640 குலை 8 டன்தான் வந்தது, சராசரி 12.5 கிலோ என்றால் 1.6 டன் எங்கே என்று கேட்க வேண்டும். ஆனால் எடுத்த எடுப்பில் திருட்டு என்று சொல்லக் கூடாது. பக்கத்து இளம் பிளாக்கின் குலை கலந்திருக்கலாம். உதிரிப் பழத்தைப் பொறுக்காமல் விட்டிருக்கலாம். குலையை எண்ணியவர் குலை குவிக்கும் மேடை ஒன்றை இரண்டு தடவை எண்ணியிருக்கலாம். குற்றமில்லாத காரணங்களை முதலில் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு வருவதுதான் அனுபவசாலியின் அடையாளம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு தோட்டத்தில் அவசரப்பட்டு ஒருவர் மேல் பழி விழுந்தால் அவர் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தலை குனிய வேண்டியிருக்கும்; லயத்தில் யாரும் அதை மறக்க மாட்டார்கள். ஆகவே உங்கள் குறிப்பில் "இந்தக் காரணங்களையும் சோதித்தேன், இவை பொருந்தவில்லை" என்று கட்டாயம் எழுதுங்கள்.

ஒவ்வொரு விசாரணைக்கும் இந்த வரிசையில் எழுதலாம்: புகார் எப்படி வந்தது, முதல் நாளே எதைப் பத்திரப்படுத்தினீர்கள், யார் யாரிடம் எந்த வரிசையில் பேசினீர்கள், எந்த ஆவணத்தை எதோடு ஒப்பிட்டீர்கள், என்ன முடிவு, அதன்பின் நடைமுறையில் என்ன மாறியது. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சாக்கை எண்ணுவதோடு நிரை நடுவில் பத்து மரம் பார்க்கும் பழக்கம் உங்களால் வந்தது என்றால், அதுதான் நிறுவனத்துக்கு நீங்கள் கொடுத்த லாபம்.

பத்திரப்படுத்துவது பற்றி ஒரு வார்த்தை. கேமரா பதிவு சில வாரங்களில் தானாகவே அழிந்து புதிது எழுதப்படும். நிறுவைக் கணினியில் ஒரு எண்ணைத் திருத்த ஒரு நிமிஷம் போதும். அதனால் யாரிடமும் பேசுவதற்கு முன்னால் பதிவையும் சீட்டையும் நகல் எடுத்து, எப்போது எடுத்தோம், யார் எடுத்தது, எங்கே வைத்தோம் என்று எழுதி வைக்க வேண்டும். நீங்கள் இதைச் செய்திருந்தால் அதைப் பெருமையாக எழுதுங்கள்.

பேசும் வரிசையும் முக்கியம். புகார் சொன்னவர், பார்த்தவர்கள், ஆவணம் வைத்திருக்கிறவர், கடைசியாகத்தான் சந்தேகத்துக்கு உள்ளானவர். அவரிடம் போகும்போது உங்கள் கையில் கேள்விகள் தயாராக இருக்க வேண்டும். கேள்வியும் "நீதானே எடுத்தே?" என்று ஆரம்பிக்கக் கூடாது. "நேத்துக் காலைல பெரட்டு முடிஞ்சதுலேர்ந்து என்ன நடந்ததுன்னு வரிசையாச் சொல்லுங்கண்ணே" என்று ஆரம்பித்தால் மனிதர் பேசுவார். இன்றைக்குத் தோட்டத்தில் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர் எல்லாரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மொழிபெயர்க்க அவர்களுடைய மண்டோரையே உட்கார வைத்தால் உண்மை வராது. சம்பந்தமில்லாத ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். நான்கு மொழி பேசும் சூழலில் விசாரித்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், அது நகரத்து அதிகாரிகள் பலரிடம் இல்லாத சொத்து.

படி 4: சட்டம் கேட்கும் முறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்

உங்கள் அனுபவம் எவ்வளவு பெரியதானாலும் உள்விசாரணையின் சட்ட அடிப்படை தெரியாமல் நேர்முகத் தேர்வுக்குப் போகாதீர்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவைப் படியுங்கள். ஒழுங்கீனத்துக்காக ஒருவரை வேலை நீக்கவோ, பதவி இறக்கவோ, வேறு தண்டனை கொடுக்கவோ முன்னால் முறையான விசாரணை நடந்திருக்க வேண்டும். விசாரணைக்காக அவரை இரண்டு வாரத்துக்கு மிகாமல் இடைநீக்கம் செய்யலாம். அந்தக் காலத்தில் பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். குற்றம் நிரூபணமாகவில்லை என்றால் பிடித்து வைத்த மீதியையும் கொடுத்துவிட வேண்டும்.

அநியாயமாக வேலை நீக்கப்பட்டதாக நினைக்கிறவர் 1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி 60 நாளுக்குள் புகார் கொடுக்கலாம். வழக்கு தொழிலியல் நீதிமன்றம் வரை போனால் உங்கள் விசாரணைக் குறிப்பை வரி வரியாகக் குடைவார்கள். சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர்களும் இதைக் கவனியுங்கள். தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தோட்டக் கமிட்டியில் இருந்து தொழிலாளிக்காக உள்விசாரணையில் பேசியிருந்தால், அதுவும் விசாரணை அனுபவம்தான். மேசையின் அந்தப் பக்கத்தில் இருந்து குறுக்குக் கேள்வி கேட்டவருக்கு, எந்த இடத்தில் விசாரணை பலவீனமாகும் என்று நன்றாகத் தெரியும்.

நீங்கள் இருந்த விசாரணையை இந்தக் கேள்விகளால் சோதியுங்கள்: குற்றச்சாட்டு எழுத்தில் கொடுக்கப்பட்டதா, நாளும் இடமும் தெளிவாக இருந்ததா, பதில் சொல்ல அவகாசம் இருந்ததா, தன் சாட்சியைக் கூட்டி வர விட்டார்களா, விசாரித்து அறிக்கை எழுதியவரே தீர்ப்புச் சொல்லும் குழுவிலும் உட்கார்ந்தாரா? கடைசியில் சொன்னது தோட்டங்களில் அடிக்கடி நடக்கும் கோளாறு. ஆள் பற்றாக்குறை என்பார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு அதிகாரியை அழைத்தால் தீர்ந்துவிடும்.

படி 5: திட்ட அனுபவத்தை எழுதுவது

மறுநடவில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் திட்ட நிர்வாகம் கற்றவர்கள்தான். செம்பனைக்குப் பொருளாதார ஆயுள் சுமார் 25 வருஷம். அதன்பின் மரம் உயரமாகிவிடும், குலை வெட்டுவது சிரமம், விளைச்சலும் இறங்கும். சாய்த்துவிட்டுப் புதிதாக நட வேண்டும்.

40 எக்டர் நட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 142 மரம் வீதம் 5,680 நாற்று. பட்டுப்போனதை மாற்றி நட நூற்றுக்கு ஐந்து என்று 284. ஆக 5,964. நாற்றங்காலில் குறை நாற்றுகளைக் கழிப்பது கால்வாசி அளவுக்குப் போகலாம். அதையும் சேர்த்தால் ஏறக்குறைய 8,000 விதைக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். நாற்று வயலுக்குப் போகும் பருவம் வர ஏறத்தாழ ஒரு வருஷம் ஆகும். பேராக்கில் அக்டோபர் வாக்கில் பிடிக்கும் மழையில் நட்டால் வேர் ஊன்றும். அப்படியானால் விதை முந்தின வருஷம் அக்டோபருக்கு முன்னாலேயே நாற்றங்காலில் இருக்க வேண்டும். ஆர்டர் அதற்கும் பல மாதம் முன்னால் போயிருக்க வேண்டும். இங்கேயிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்: எக்ஸ்காவேட்டர் குத்தகை, பழைய மரத்தைச் சாய்த்துச் சீவுவது, ரோடும் கால்வாயும், கயிறு பிடித்து வரிசை போடுவது, மூடுபயிர் விதைப்பது, குழி, நடவு. இதில் ஒன்று மூன்று வாரம் தள்ளினால் மற்றதெல்லாம் எப்படி நகரும் என்று மனக்கணக்காகவே சொல்லக்கூடிய மண்டோர்களை நான் பார்த்திருக்கிறேன். மென்பொருளில் கோடு போட்டு இதையே காட்டுகிறவர்களுக்கு உலகம் முழுக்க மரியாதை இருக்கிறது.

எழுதும்போது ஐந்து விஷயம் வர வேண்டும். வேலையின் எல்லை எது, எது அதில் சேராது. எவ்வளவு காலம், எவ்வளவு பணம், கடைசியில் உண்மையில் எவ்வளவு ஆனது. என்னென்ன கெட்டுப் போகக்கூடும் என்று முன்கூட்டியே பார்த்தீர்கள். யார் யாரைச் சமாளிக்க வேண்டியிருந்தது. நடுவில் என்ன மாறியது, அதற்கு யாரிடம் அனுமதி வாங்கினீர்கள்.

மூன்றாவதான, கெட்டுப் போகக்கூடியதை முன்கூட்டியே பார்ப்பதில் தோட்டத்து அனுபவம் நன்றாகப் பேசும். பழைய மரத்தைத் திறந்த வெளியில் எரிக்கச் சட்டம் விடாது. சீவி அப்படியே மக்க விட வேண்டும். மக்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, இளஞ்செடியின் குருத்தைத் துளைக்கும். அதனால் மூடுபயிரை முந்தியே பரப்பித் தண்டை மூடிவிட வேண்டும், பொறி வைக்க வேண்டும். காட்டோரத் தோட்டமானால் யானை, காட்டுப்பன்றி. லயத்தருகே ஆனால் மாடு. மாடு வைத்திருப்பவர்களைக் கூப்பிட்டுப் பேசி, எந்தப் பிளாக் எப்போது மூடப்படும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் பாதித் தகராறு குறையும். மாட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசிய அந்தச் சாயங்காலமும் திட்ட நிர்வாகத்தில் ஒரு பகுதி; எழுதுங்கள்.

திட்டம் என்றால் மறுநடவு மட்டும் என்று நினைக்க வேண்டாம். தொழிலாளர் குடியிருப்பு, மின்சார இணைப்பு, ஆலை பழுதுபார்ப்பு நிறுத்தம், எம்எஸ்பிஓ முதல் தணிக்கைக்குத் தயாரானது எல்லாம் சேரும். தமிழ்ப்பள்ளிக் கட்டடக் குழு, கோயில் கும்பாபிஷேகக் குழு ஆகியவற்றில் பொருளாளராகவோ செயலாளராகவோ இருந்தவர்களுக்கும் திட்ட அனுபவம் உண்டு. பண வரவு செலவைப் பொதுக்கூட்டத்தில் படித்துக் காட்டி, கேள்விக்குப் பதில் சொல்லித் தேறியவர்கள் அவர்கள்.

தோட்டத் தொழிலாளருக்கு நிர்வாகம் வராது என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் பால் வெட்டியவர்கள் மாதாமாதம் போட்ட பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. தோட்டம் வாங்கி நடத்திய முன்னோரின் வழிவந்த சமூகம் நாம்.

படி 6: சான்று சேர்ப்பது, ஆனால் நேர்மையாக

அலுவலகக் கோப்பை வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். விசாரணை அறிக்கை, சாட்சி வாக்குமூலம், சம்பளப் பட்டியல் எதுவும் உங்கள் சொந்தச் சொத்து கிடையாது. இரகசியம் காக்கத் தெரியாதவர் என்று ஒரு தடவை பெயர் வாங்கினால் விசாரணை வேலைக்கு யாரும் அழைக்க மாட்டார்கள். ஆள் பெயர், தோட்டத்தின் பெயர், தொகை எல்லாவற்றையும் நீக்கி நீங்களாக எழுதிய சுருக்கம் போதும்.

சான்றாக வைக்கக்கூடியவை: நியமனக் கடிதம், பதவி உயர்வுக் கடிதம், வேலை விவரம், பயிற்சிச் சான்றிதழ், பாராட்டுக் கடிதம், நிர்வாகம் அனுமதித்தால் வேலைத்தளப் படங்கள். இவற்றோடு மேலதிகாரி ஒருவரிடம் உறுதிக் கடிதம் வாங்குங்கள். "நல்லவர், உழைப்பாளி" என்ற கடிதத்தால் பயனில்லை. "இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை, இத்தனை எக்டர் மறுநடவை, இத்தனை பேர் கொண்ட குழுவோடு இவர் பொறுப்பேற்று நடத்தினார்" என்று இருக்க வேண்டும். வாசகத்தை நீங்களே தயாரித்துக் கொண்டு போனால் ஓய்வு பெற்ற துரையும் சந்தோஷமாகத் திருத்திக் கையெழுத்துப் போடுவார். தோட்டம் கைமாறுவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். பிறகு ஆளைத் தேடி அலைய வேண்டிவரும்.

படி 7: அங்கீகாரம் தரும் வழிகள்

கோப்பு தயாராகிவிட்டது. சரி, எங்கே கொண்டு போவது?

எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிக்காதவர்களும் அதோடு நின்றவர்களும் முதலில் பார்க்க வேண்டியது திறன் மேம்பாட்டுத் துறையான ஜேபிகே. அங்கே பிபிடி (முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் முறை) என்ற வழி உண்டு. வகுப்பில் உட்காராமல், வேலை அனுபவத்தை ஆவணக் கோப்பாகக் காட்டி மதிப்பீட்டாளர் முன் நிரூபித்து மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம் வாங்கலாம். 1 முதல் 3 வரை சான்றிதழ், 4 டிப்ளோமா, 5 உயர் டிப்ளோமா. எந்தத் துறைக்கு எந்தத் தரம் திறந்திருக்கிறது என்று விண்ணப்பிக்கும் முன் ஜேபிகேயிலேயே கேட்டுவிடுங்கள். நடுவில் காசு பிடுங்கும் ஏஜெண்டை நம்ப வேண்டாம்.

மேல்படிப்புக்கு ஆசை இருந்தால் மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏயின் ஏப்பல் வழி (அனுபவத்தைப் படிப்பு நுழைவுக்கு ஏற்கும் முறை). பழைய தேர்வு முடிவு போதாவிட்டாலும், வயதும் தொடர்புள்ள அனுபவமும் இருந்தால் நுழைவு கிடைக்கும். சான்றிதழ் படிப்புக்கு 19, டிப்ளோமாவுக்கு 20, இளங்கலைக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். திறன் தேர்வும் அனுபவக் கோப்பும் உண்டு. கோயில், பள்ளிக் குழு அனுபவங்களை இந்தக் கோப்பில் தாராளமாகச் சேர்க்கலாம். ஓப்பன் யூனிவர்சிட்டி மலேசியா போன்ற இடங்களில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம்.

திட்ட நிர்வாகத்தில் உலக அளவில் பெயர் பெற்றது பிஎம்ஐ அமைப்பு தரும் பிஎம்பி சான்றிதழ். பட்டம் இருந்தால் திட்டங்களை நடத்திய அனுபவம் 36 மாதம், பட்டம் இல்லாமல் பள்ளிப் படிப்பு மட்டும் இருந்தால் 60 மாதம். இரண்டு பேருக்கும் 35 மணி நேரப் பயிற்சி. ஒரே மாதத்தில் இரண்டு திட்டம் நடத்தியிருந்தாலும் அது ஒரு மாதமாகத்தான் எண்ணப்படும். ஒவ்வொரு திட்டத்தையும் 200 முதல் 500 சொல்லுக்குள் எழுதச் சொல்வார்கள். படி 5-இல் நீங்கள் எழுதியது அப்படியே கைகொடுக்கும். சில விண்ணப்பங்களைப் பொறுக்கி எடுத்துச் சான்று கேட்பார்கள், ஆகவே கூட்டி எழுத வேண்டாம். கும்பாபிஷேகத்தை இதில் மாதக் கணக்காகக் காட்டாமல், சம்பள வேலையில் நடத்திய திட்டங்களையே காட்டுவது பாதுகாப்பு. தேர்வில் 180 கேள்வி. ஆங்கில வாசிப்பு வேகம் போதாது என்றால் முதல் ஆறு மாதத்தை அதற்கே செலவழியுங்கள். அனுபவ மாதம் குறைவாக இருக்கும் இளைஞர்களுக்கு அதே அமைப்பின் சிஏபிஎம் சான்றிதழ் இருக்கிறது. அதற்கு அனுபவம் தேவையில்லை.

விசாரணைப் பக்கத்தில் மோசடிப் புலனாய்வுக்கான சிஎஃப்இ சான்றிதழ் இருக்கிறது. படிப்புக்கும் அனுபவத்துக்கும் புள்ளி போடுவார்கள். தேர்வு எழுத 40 புள்ளி, சான்றிதழ் பெற 50 புள்ளி. மோசடியைக் கண்டறிதல், தடுத்தல் தொடர்பான வேலையில் குறைந்தது இரண்டு வருஷம். கணக்கு, தணிக்கை, நஷ்டத் தடுப்பு ஆகியவை எடுத்துக்கொள்ளப்படும். வெறும் காவலாளி வேலையை ஏற்க மாட்டார்கள். நீங்கள் பாதுகாப்புப் பிரிவில் இருந்தபோதே திருட்டு விசாரணையும் அறிக்கையும் செய்தவர் என்றால், அந்தப் பகுதியைத் தனியாகப் பிரித்து, மேலதிகாரி கடிதத்தோடு காட்டுங்கள்.

எதை முதலில் எடுப்பது? எஸ்பிஎம்மோடு நின்ற மண்டோருக்கு பிபிடி, பிறகு ஏப்பல் என்று ஏறுவதுதான் என் யோசனை. கணக்கு தெரிந்த கிராணி, டிப்ளோமா கையில் இருந்தால் நேராக சிஎஃப்இக்கான புள்ளியைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்னும் வேலையில் இருக்கிறவர்கள், முதலாளி மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்ஆர்டி கோர்ப்புக்குப் பயிற்சி லெவி கட்டுகிறாரா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். கட்டினால் பயிற்சிச் செலவை அதிலிருந்து ஏற்கும்படி எழுத்தில் விண்ணப்பிக்கலாம்.

படி 8: நேர்முகத் தேர்வும் உரிமமும்

நேர்முகத்தில் "சிக்கலான ஒரு விஷயத்தை எப்படிக் கையாண்டீர்கள்?" என்று கேட்பார்கள். ஒரே ஒரு சம்பவத்தை எடுத்து, மலாயிலும் ஆங்கிலத்திலும் மூன்று நிமிஷத்தில் சொல்லப் பழகுங்கள். எண்களோடு சொல்லுங்கள். தோட்டச் சொற்கள் புரியாத அதிகாரி எதிரே இருப்பார். செக்ரோல் என்றால் அன்றாட வருகை, சம்பளப் பதிவேடு என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பழைய துரையைப் பற்றியோ குற்றம் செய்தவரைப் பற்றியோ பெயர் சொல்லிப் பேச வேண்டாம். எதிரே இருப்பவர் அதையும் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்.

சொந்தமாகப் புலனாய்வு நிறுவனம் திறக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1971-ஆம் ஆண்டு தனியார் முகவாண்மைச் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சின் உரிமம் இல்லாமல் அந்தத் தொழிலை நடத்தக் கூடாது. உரிமம் உள்ள நிறுவனத்தில் சேர்ந்து வேலை செய்வது ஒரு வழி. தோட்டக் குழுமங்களின் உள்தணிக்கைப் பிரிவு இன்னொரு வழி. திட்டப் பக்கம் போகிறவர்கள் மறுநடவுக் குத்தகைக்காரர்களையும் எம்எஸ்பிஓ ஆலோசனை நிறுவனங்களையும் முதலில் அணுகுங்கள். உங்கள் கோப்பில் இருக்கும் எக்டர் கணக்கைப் பார்த்த உடனேயே அவர்களுக்குப் புரிந்துவிடும். மற்றவர்களுக்குப் போல விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கோப்பின் ஒரு நகலைக் கணினியிலும் இன்னொன்றை அச்சிலும் வைத்துக்கொண்டு, புது வேலை ஏதாவது முடிந்தால் அந்த வாரமே ஒரு பக்கம் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.